டோக்கன் 23

ஜனவரியில் திருச்சிக்கு வந்து இறங்கியபோது, டொராண்டோ குளிரில் வெடித்த இடது முழங்கை செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. சொரியாசிஸ், பதினோரு வருஷத்துத் தொல்லை. அங்கே தோல் டாக்டரைப் பார்க்க நாலு மாதம் காத்திருந்தவன் நான். தில்லை நகரில் காலையில் போன் செய்தேன், சாயங்காலத்துக்கே டோக்கன் 23.

ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே விட்டது ஒன்பதே கால். நடுவில் மருந்துக் கம்பெனி ரெப் மூன்று பேர் பையோடு நுழைந்ததை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த டாக்டருக்காக இன்னும் ஒரு மணி நேரம்கூட உட்காரலாம். "சரியாகிப் போனாலும் ஏன் டாக்டர் அதே இடத்துலயே வருது?" என்றேன். டொராண்டோவில் இதே கேள்விக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான் கிடைத்தது. இவர் லேப் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார்.

"கல்யாணம் முடிஞ்சும் ஊருக்குக் கிளம்பாம திண்ணையிலயே இருக்கற சொந்தக்காரங்க மாதிரி சார். படை மறைஞ்சாலும் கொஞ்சம் டி செல், அதான் நோய் எதிர்ப்புச் செல், அந்தத் தோல்லயே தங்கிடும். பழசை மறக்காது. கீறல் பட்டாலோ, தொண்டைப்புண் வந்தாலோ திரும்ப ஆரம்பிச்சுடும்."

அந்த டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17 என்ற புரதம் பட்டதும் தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகுமாம். மேலே வர ஒரு மாதம் ஆகவேண்டிய செல், நாலைந்து நாளில் முதிராமலே வந்து குவிவதுதான் செதில். 'டென்ட்ரிடிக்' என்ற இன்னொரு வகைச் செல், இன்டர்லூக்கின்-23 கொடுத்து இந்தக் கூட்டத்துக்குத் தீனி போடுகிறது. 17-ஐ மடக்கும் செகுகினுமாப் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2015-இல். டி செல்லின் மேலுள்ள சிடி6 என்ற புரதத்தைப் பிடிக்கும் இடோலிசுமாப் ஊசியை பெங்களூரு பயோகான் 2013-லேயே இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இது எனக்குப் புதுச் செய்தி.

எனக்கு இப்போதைக்கு ஊசி வேண்டாம், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போதும் என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். மதியத்துக்குள் ஈரல், கிட்னி ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில்.

கோளாறு மெடிக்கலில் நடந்தது. கடைப்பையன் கவரில் '1-0-0' என்று கிறுக்கிக் கொடுத்தான், அதாவது தினமும் காலையில் ஒன்று. நானும் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். ரிட்டயர்டு டீச்சரான பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தாள். "ஏன்டா தம்பி, ஞாயிறு மட்டும்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்காரே?"

வாரம் ஒருமுறை போடவேண்டிய அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தாண்ணே எழுதுவோம்" என்றான். எனக்குக் கை நடுங்கியது.

பெரியம்மாவுக்கு மாத்திரையே பிடிக்கவில்லை. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டாள். தடவலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தடவுங்க, ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க. காலை வெயில் கொஞ்சம் படட்டும், டி செல் அடங்கும்" என்றார். அதனால் தினமும் எட்டு மணிக்கு, ஊதா நிறமாகிக்கொண்டிருக்கும் பாட்டில் பக்கத்தில் முழங்கையை நீட்டிக்கொண்டு நானும் காய்கிறேன்.