ஆர்கானிக் மேப்ஸ்: இருவர், ஒரு நாள், குறைந்த செலவில் நகர நடை – இந்த ஆப் போதுமா?

கையில் காசு குறைவாக இருக்கும்போது ஒரு நாள் நடையைக் கெடுப்பவை மூன்று: தண்ணீர், கழிப்பறை, உட்கார ஒரு பெஞ்சு. இவை எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், மதியத்துக்குள் இருவரும் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்து, உட்காரும் நாற்காலிக்காகவே எதையாவது வாங்குவீர்கள். அப்படி மூன்று முறை உட்கார்ந்தால் அன்றைய பட்ஜெட் காலி. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். குடிநீர்க் குழாயின் பட்டியல்தான் கிடைக்காது. அதை நெட் இல்லாமலே காட்டும் ஆப் என்பதால்தான் ஆர்கானிக் மேப்ஸைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

2021-ல் வந்த ஆப் இது. மேப்ஸ்.மீ என்ற பழைய ஆப்பின் திறந்த மூலக் குறியீட்டிலிருந்து (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரல்) பிரிந்து வந்தது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், நீங்கள் போகுமிடத்தைக் கண்காணிப்பதும் இல்லை. உள்ளே இருக்கும் தகவல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புடையது. 2004-ல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் தெருவைத் தாங்களே வரைந்து சேர்த்த வரைபடம் அது. 2025-ல் இதே குறியீட்டிலிருந்து கோமேப்ஸ் என்ற இன்னொரு ஆப்பும் பிரிந்தது. கீழே சொல்லும் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

கூகுள் மேப்ஸ் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கூகுளில் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கி வைத்தாலும் நெட் இல்லாதபோது நடைவழி காட்டாது. காரில் போகும் வழி மட்டும்தான் கிடைக்கும். வெளியூரில் ரோமிங் டேட்டாவுக்குக் காசு கட்டத் தயங்கும் இருவருக்கு இதுவே பெரிய தடை. ஆர்கானிக் மேப்ஸில் தேடல், நடைவழி, ஏற்ற இறக்க வரைபடம் எல்லாமே போனுக்குள் இருக்கும் கோப்பிலிருந்து வரும். அதற்காகக் கூகுளைத் தூக்கி எறிய வேண்டாம். பஸ், ரயில் நேரம், ஒரு இடம் இன்று திறந்திருக்கிறதா, தெரு எப்படி இருக்கும் என்ற படம் – இவற்றில் கூகுளுக்கு ஈடில்லை. முதல் நாள் இரவு வைஃபையில் அதைப் பாருங்கள். தெருவில் இறங்கியபின் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு: ஒன்றரை மணி நேர வேலை

வரைபடத்தை இருவர் போனிலும் இறக்குங்கள். ஒருவர் போனில் மட்டும் இருந்தால், பேட்டரி தீரும்போது இருவருமே வழி தவறுவீர்கள். நகரம் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது. அது இருக்கும் வட்டாரம் முழுவதும் ஒரே கோப்பாக வரும். நகரம் இரண்டு வட்டாரங்களின் எல்லையில் இருந்தால் இரண்டையும் இறக்க வேண்டும். இல்லையென்றால் பாதி நடையில் ‘இன்னொரு வரைபடம் தேவை’ என்று நிற்கும், அங்கே நெட் இருக்காது.

அடுத்தது, யாரும் போகாத பக்கத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கு வலைப்பக்கங்களைவிடத் தெருக்களின் வடிவம் அதிகம் சொல்லும். வரைபடத்தை ஒரு பேட்டை முழுவதும் திரையில் அடங்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் பாருங்கள். கட்டம் போட்டதுபோல் நேராக ஓடும் தெருக்களுக்கு நடுவே ஒரே ஒரு தெரு வில்லாக வளைந்தால், அங்கே ஒரு காலத்தில் மதிலோ அகழியோ மூடப்பட்ட வாய்க்காலோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கட்டங்கள் ஒன்றுக்கொன்று கோணலாக முட்டும் இடம், தனித்தனியாக வளர்ந்த இரண்டு பகுதிகள் ஒட்டிய தையல். அந்தத் தையலை ஒட்டிய சந்துகளில்தான் பெரும்பாலும் சின்ன முக்கோணத் திடல், பழைய கிணறு, எங்கும் போகாத படிக்கட்டு என்று ஏதாவது இருக்கும். ரயில் பாதைக்கு அடியில் போகும் நடைசுரங்கம், பஸ் தடத்தின் கடைசி நிறுத்தம், ஆற்றங்கரைக் கிடங்குகள், பழைய கல்லறைத் தோட்டம் – இவையெல்லாம் காசில்லாமல் பார்க்கக்கூடியவை.

பெஞ்சு, குடிநீர், சுவரோவியம் போன்றவற்றை ஒரே அடியில் பிடிக்க, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலுக்குள் தேடும் ஓவர்பாஸ் டர்போ என்ற இலவச இணையதளம் இருக்கிறது. இதைக் கணினியில் செய்வது சுலபம். உங்கள் நகரப் பகுதியைத் திரையில் வைத்து, ‘விசார்ட்’ பெட்டியில் டிரிங்கிங் வாட்டர் என்று ஆங்கிலத்தில் தட்டி இயக்கினால், அந்தப் பரப்பில் பதிவாகியுள்ள குழாய்கள் எல்லாம் வட்டங்களாக எழும். ‘எக்ஸ்போர்ட்’ மூலம் ஜிபிஎக்ஸ் அல்லது கேஎம்எல் கோப்பாக (வரைபட ஆப்கள் படிக்கும் கோப்பு வகைகள்) எடுத்து, போனுக்கு அனுப்பி, ஆர்கானிக் மேப்ஸில் திறந்தால் அவை தனிப் பட்டியலாக உட்காரும். நகரம் முழுவதற்கும் எடுத்தால் குறிகள் குவிந்து வரைபடமே மறைந்துவிடும். நீங்கள் நடக்கும் பட்டைக்கு மட்டும் எடுங்கள். இந்தத் தளம் மிரட்டினால் விட்டுவிடலாம். ஆப்பின் தேடலிலேயே கழிப்பறை, தண்ணீர் ஆகிய வகைகள் இருக்கின்றன.

இனி நிறுத்தங்கள். இருவரும் தனித்தனியே மூன்று இடம் தேர்ந்தெடுங்கள். ஏழாவதைச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். ஏழுக்கு மேல் போனால் நடை ஓட்டமாகிவிடும். வரைபடத்தில் ஒரு புள்ளியை அழுத்திப் பிடித்துச் சேமிக்கும்போது நிறம் கொடுக்கலாம். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம், கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் பச்சை என்று பிரித்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கு ‘எல்லாம் உன் இடமாகவே போகிறோம்’ என்ற சண்டை வராது. நிறத்தை எண்ணினாலே தெரிந்துவிடும். பட்டியலைக் கோப்பாகப் பகிர்ந்து மற்றவர் போனில் திறந்துவிடுங்கள். ஒரு குறை: பகிர்ந்தபின் ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் போனில் தானாக வராது. அதனால் எல்லாம் முடிந்தபின் கடைசியாக அனுப்புங்கள்.

தூரமும் நேரமும்

ஆப் சொல்லும் நேரத்தை அப்படியே நம்புவதுதான் பலர் செய்யும் தவறு. அது நிற்காமல் நடப்பவரின் நேரம். நகரத்தில் சிக்னல், படம் எடுப்பது, எட்டிப் பார்ப்பது, திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால் மணிக்கு 2.5 முதல் 3 கிலோமீட்டர்தான் தேறும். ஆகவே திரையில் வரையும் கோடு 9 அல்லது 10 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். வழி தவறுவதும் சந்துக்குள் நுழைவதும் சேர்ந்து கால் பங்கு கூடும். மாலையில் காலுக்கு 12 கிலோமீட்டர் கணக்கு வந்திருக்கும். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவரின் வேகம்.

மேடுள்ள நகரம் என்றால் நடைவழியோடு ஆப் காட்டும் ஏற்ற இறக்கக் கோட்டைக் கட்டாயம் பாருங்கள். மலையேறிகள் 1892 முதல் கைக்கொள்ளும் நெய்ஸ்மித் விதிப்படி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடும். அதாவது 100 மீட்டர் ஏற்றம் என்றால் 10 நிமிடம். நாள் முழுக்க 200 மீட்டர் ஏறினால் நேரம் பெரிதாகக் கூடாது. ஆனால் அந்த 200 மீட்டரும் மதிய வெயிலில் ஒரே படிக்கட்டாக வந்தால் அன்றைய நடை அங்கேயே முடியும். இதில் இந்த ஆப் உண்மையிலேயே உதவுகிறது: படிக்கட்டுகளைச் சாதாரணத் தெருவிலிருந்து வேறாக வரைந்து காட்டும். ஏற்றத்தைக் காலையில் வைத்து, மாலையில் இறங்கும்படி திசையைத் திருப்புங்கள்.

வட்டமாக நடந்து கிளம்பிய இடத்துக்கே வருவதைவிட, காலையில் ஒரே ஒரு பஸ்ஸிலோ ரயிலிலோ தூரத்து முனைக்குப் போய், தங்குமிடத்தை நோக்கி நடந்து வருவது நல்லது. செலவு ஒரு வழிப் பயணம் மட்டும். களைப்பு கூடக் கூட வீடு நெருங்கும். நாள் பாஸ் வாங்கலாமா என்று தயங்கினால், பாஸின் விலையை ஒரு பயணக் கட்டணத்தால் வகுங்கள். விடை மூன்று என்றால், மூன்றுக்கு மேல் ஏறி இறங்கினால்தான் லாபம். நடைக்கென்றே வந்தவர்கள் அந்த எண்ணை எட்டுவது அரிது. இருவருக்கும் சேர்த்து வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பணம் கொடுத்துப் பார்க்கும் இடம் நாளுக்கு ஒன்று போதும். அதையும் மதியத்தில் வையுங்கள். நிழல், கழிப்பறை, இருக்கை மூன்றும் அந்த ஒரு டிக்கெட்டிலேயே கிடைத்துவிடும்.

தெருவில் எங்கே சறுக்கும்

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உங்கள் அம்புக்குறி அடுத்த தெருவில் நிற்கும். இது ஆப்பின் கோளாறு இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்து, சுற்றி வந்து போனை அடைகிறது. அந்தக் கூடுதல் தூரம் பல பத்து மீட்டர் பிழையாகிறது. அகலமான சந்திப்புக்கு வந்து அரை நிமிடம் நின்றால் பெரும்பாலும் சரியாகும். பிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிச்சமாகும். ஆனால் முதல் முறை இடம் பிடிக்கச் சற்றுத் தாமதமாகலாம். நெட் இல்லாதபோது ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை அனுப்பி முடிக்க 30 வினாடி ஆகும்; நடுவில் சிக்னல் அறுந்தால் இன்னும் தாமதமாகும். தங்குமிடத்தின் வாசலில், வானம் தெரியும் இடத்தில் ஆப்பைத் திறந்து, இடம் பிடித்தபின் கிளம்புங்கள்.

பேட்டரியைத் தின்பது முக்கியமாகத் திரைதான். ஒருவர் போனில் வழி, மற்றவர் போன் பையில் – மதியம் மாற்றிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் ஒன்று போதும். மேலே 10,000 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தாலும் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாறி வெளியே வரும்போது 6,000 சொச்சம்தான் கிடைக்கும்.

ஆப்பின் உண்மையான பலவீனங்களைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, முகவரித் தேடல். தன்னார்வலர்கள் கதவு எண் சேர்க்காத தெருவில் எண்ணைத் தட்டினால் ஒன்றும் வராது. எழுத்து ஒன்று மாறினாலும் இடம் கிடைக்காமல் போகலாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது: கூகுளில் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காப்பி செய்து, இங்கே தேடல் பெட்டியில் ஒட்டினால் நேராக அந்தப் புள்ளிக்குப் போகும். இரண்டாவது, திறக்கும் நேரம். யாரோ எப்போதோ பதிந்த நேரம் இன்றும் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பணம் கட்டிப் பார்க்கும் அந்த ஒரு இடத்தின் நேரத்தையாவது அவர்களின் சொந்த இணையதளத்தில் சரிபாருங்கள். பல அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

மூன்றாவதுதான் அதிகம் சிக்கவைப்பது: பூட்டிய கதவு. பூங்காவின் குறுக்கே, கல்லறைத் தோட்டத்தின் நடுவே, குடியிருப்பு வளாகத்தின் உள்ளே என்று ஆப் அழகாகக் குறுக்கு வழி போடும். அது தனியார் வழி என்றோ இருட்டினால் பூட்டுவார்கள் என்றோ யாரும் பதியவில்லை என்றால் ஆப்புக்குத் தெரியாது. கோடு ஒரு பசுமைப் பரப்பைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் வரைபடத்தைப் பெரிதாக்கி, மறுபக்கம் வெளியேறும் வாசல் உண்டா என்று பாருங்கள். ஒரே வாசல்தான் என்றால் அந்த இடத்தை மாலை நாலு மணிக்கு முன்பே கடந்துவிடும்படி வரிசையை மாற்றுங்கள்.

இதைவிட நுணுக்கமாக வேண்டும் என்பவர்களுக்கு ஓஸ்மண்ட் என்ற ஆப் இருக்கிறது. அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவல்தான். ஆனால் வழியைப் புள்ளி புள்ளியாக விரலால் வரைந்து, தெருவோடு ஒட்டவைத்து, கோப்பாகச் சேமிக்கும் வசதி அதில் நன்றாக இருக்கிறது. ‘இந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும்’ என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு அதுதான் சரி. அதற்குக் கொடுக்கும் விலை, காடுபோல் விரியும் மெனுக்கள். முதல் முறை திட்டமிடுபவர் அதில் ஒரு மாலையைத் தொலைப்பார். ஓஸ்மண்டில் வரைந்த கோட்டை ஜிபிஎக்ஸாக எடுத்து ஆர்கானிக் மேப்ஸில் திறந்துகொள்ளலாம், இரண்டும் ஒத்துப்போகும்.

நடை முடிந்த இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வறண்டு கிடந்த குழாய், மூடிய கழிப்பறை, மாறிய திறப்பு நேரம் – ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் ஆப்பிலிருந்தே இவற்றைத் திருத்தலாம். தெருவின் கோட்டை இங்கே மாற்ற முடியாது. பூட்டிய கதவைப் பற்றி அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதினால் அப்பகுதித் தன்னார்வலர் யாராவது பார்த்துச் சரிசெய்வார். உங்கள் திருத்தம் உடனே உங்கள் நண்பர் போனில் தெரியாது. அடுத்த வரைபடப் புதுப்பிப்பு வரும்போதுதான் எல்லோருக்கும் போகும்.