பச்சை டிக் வந்துவிட்டது என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள்

‘உங்கள் அளவுக்கு நீங்களே வடிவமைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் கான்ஃபிகரேட்டர் (அளவையும் பாகங்களையும் நாமே தேர்ந்தெடுக்கும் இணையக் கருவி) ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நான் ஏமாந்தது துணி அலமாரியில். சோபா, மேசை, ஜன்னல் திரை, கம்ப்யூட்டர் என்று எதை இப்படி வாங்கினாலும் கோளாறு இதே இடத்தில்தான் வரும்.

என் படுக்கையறையில் தரைக்கும் சீலிங்குக்கும் இடையே 240 செ.மீ. மூன்று இடத்தில் அளந்து பார்த்தேன், மூன்றிலும் அதேதான். தளத்தில் அறையின் அளவைக் கேட்டார்கள், கொடுத்தேன். அலமாரியின் உயரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். 236 வரை பச்சை டிக், 237 போட்டதும் சிவப்பு. ஆழம் 60 செ.மீ. திரையில் சுழன்ற முப்பரிமாணப் படத்தில் அலமாரி அந்த இடத்துக்கென்றே செய்ததுபோல நின்றது.

மனதில் ஒரு சந்தேகம் இருந்ததால் திரையின் மூலையில் இருந்த ‘டிஜிட்டல் ஆலோசகரிடம்’ (தானாகப் பதில் சொல்லும் சாட் ஜன்னல்) கேட்டேன். “சீலிங் 240, அலமாரி 236. வீட்டுக்குள் வைத்துப் பாகங்களைப் பூட்டி நிறுத்த இந்த இடைவெளி போதுமா?” உடனே பதில் வந்தது: “நிச்சயமாக! 4 செ.மீ. இடைவெளி போதுமானது. உங்கள் தேர்வு உங்கள் அறைக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.” அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவளும் சரி என்றாள். ஆர்டர் போட்டேன்.

பலகைகள் வந்தன, பூட்டித்தர இரண்டு பேர் வந்தார்கள். அந்த வகை அலமாரிப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத்தான் பூட்ட முடியும், பின்பலகையை ஆணியடித்த பிறகே நிமிர்த்த வேண்டும். எல்லாம் முடிந்து தூக்கும் நேரத்தில் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். டேப்பை எடுத்துப் பக்கப்பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக நீட்டினார். இரண்டு முறை பார்த்தார். “மேடம், இது எழும்பாதுங்க. பாதியில் சீலிங்கில் இடிச்சிடும்” என்றார்.

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 236 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியின் மூலைவிட்டம் 243.5 செ.மீ. படுத்திருக்கும் பெட்டி நிமிரும்போது நடுவில் ஒரு கட்டத்தில் அந்த மூலைவிட்டம் செங்குத்தாக நின்றே ஆகவேண்டும். 240 செ.மீ. அறையில் அது நடக்கவே நடக்காது. உயரத்தை 232 என்று போட்டிருந்தால் மூலைவிட்டம் 239.6. நூலிழையில் எழும்பியிருக்கும். வெறும் 4 செ.மீ. குறைத்திருந்தால் போதும்.

இந்தக் கணக்கை ஒரு கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். ஏன் போடவில்லை என்று அன்று இரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். இந்த வகை மென்பொருளின் பழைய உதாரணம் 1978-ல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட் உருவாக்கிய ஆர்1. எக்ஸ்கான் என்ற பெயரில் 1980 முதல் டெக் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. அந்த நிறுவனத்தின் வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் வந்தால் எந்தப் பாகத்தோடு எந்தப் பாகம் சேரும், எந்தக் கேபிள் விட்டுப்போனது என்று விதி விதியாகச் சரிபார்ப்பது அதன் வேலை. அதாவது பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, ஆர்டர் முழுமையாக இருக்கிறதா என்பதே கேள்வி. இன்று நாம் கடைகளில் பார்க்கும் கருவிகளும் அந்த வழியில் வந்தவைதான். எனக்கு வந்த பச்சை டிக்கின் பொருள், ‘இந்த அளவில் எங்களால் செய்ய முடியும், இதை நிறுத்திவைத்தால் உங்கள் சீலிங்கைத் தொடாது’ என்பது மட்டுமே. அதை எப்படி நிறுத்துவது என்ற விதியை யாரும் எழுதவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நீளமான பலகை திரும்புமா, சுவரடி ஸ்கர்ட்டிங் எவ்வளவு இடத்தைத் தின்னும், சுவிட்சுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எதையுமே அது கேட்கவில்லை. கேட்காததை அது அறிந்திருக்க வழியில்லை, ஆனாலும் ‘மிகச் சரியாகப் பொருந்தும்’ என்று சொன்னது. எனக்குக் கோபம் அங்கேதான்.

ஆர்டருக்கு முன் ஐந்து கேள்வி கேட்டு ‘உங்களுக்கு ஏற்றது இதுதான்’ என்று ஒரு மாடலைக் காட்டினார்களே, அதையும் பிறகு சோதித்தேன். எல்லாக் கேள்விக்கும் முன்பு சொன்னதற்கு நேரெதிராகப் பதில் சொன்னேன். அப்போதும் அதே மாடல்தான் முதலில் வந்தது. அப்புறம், உள்விளக்கும் மெதுவாக மூடும் கீலும் நான் தேர்ந்தெடுக்காமலே டிக் ஆகியிருந்தன. மொத்தத் தொகையைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

திருப்பித் தரலாம் என்று போன் செய்தால், “உங்கள் அளவுக்குச் செய்தது, ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். இது பல நாடுகளில் சட்டத்திலேயே உள்ள விலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். ஆனால் வாங்குபவர் சொன்ன விவரப்படி செய்த பொருளுக்கு அது இல்லை என்று 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. தயாரிப்பு தொடங்காவிட்டாலும் இந்த விலக்கு உண்டு என்று 2020 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரம், கடை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறங்களிலும் பாகங்களிலும் பொறுக்கிச் சேர்த்தால் அது ‘உங்களுக்கென்று செய்தது’ ஆகாது என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே கடைக்காரர் சொன்னதும் ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் சென்டிமீட்டர் கணக்கில் அளவு கொடுத்தீர்களா, பட்டியலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதைப் பாருங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள்.

என்னைக் காப்பாற்றியது அக்காவுக்கு அனுப்பிய அந்த ஒரு படம்தான். சாட் ஜன்னலை மூடியதும் பேச்செல்லாம் அழிந்துவிட்டது. ஆலோசகர் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்று முதலில் சாதித்தார்கள். படத்தை அனுப்பியதும் குரல் மாறியது. “அது தானியங்கி ஆலோசனை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார்கள். கனடாவில் ஏர் கனடா சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், அந்த நிறுவனமும் சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பயணியிடமும் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. இதை மேற்கோள் காட்டி எழுத்தில் புகார் அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்தடித்து, பக்கப்பலகைகளையும் பின்பலகைகளையும் கதவுகளையும் 232 அளவில் மறுபடி செய்து தர ஒப்புக்கொண்டார்கள். அனுப்பும் செலவு மட்டும் என் தலையில்.

நீங்கள் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு மனிதரிடம் போனில் பேசுங்கள். ‘பொருந்துமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். “இதை எப்படிப் பூட்டுவார்கள், படுக்கவைத்தா நிற்கவைத்தா, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்” என்று கேளுங்கள். சொன்ன பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆலோசகர் ஜன்னலில் பேசியதை மூடுவதற்கு முன்பே படமெடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் கொடுத்த அளவுகள் தெரியும்படியும் ஒன்று எடுங்கள்.

இந்தக் குறையைச் சரிசெய்யச் சொல்லி அவர்களுக்குத் தனியாகவும் எழுதியிருந்தேன், சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. நேற்று இரவு மறுபடி அந்தத் தளத்துக்குப் போய் சீலிங் 240, உயரம் 236, ஆழம் 60 என்று போட்டுப் பார்த்தேன். பச்சை டிக் இன்னும் வருகிறது.