அட்டையா, முட்டையா? அரசு செலவழிக்கும் ரூபாய் எங்கே போனால் உடம்பு தேறும்

2014ல் என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்தார்கள். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. அதனால் வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. பெரியம்மா அந்த அட்டையை இன்றும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "சுகர் எத்தனை வருசமா இருக்கு?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதுவரை அவருக்குச் சர்க்கரையை யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. பத்து வருடம் சத்தமில்லாமல் ரத்தக்குழாயை அரித்த நோய், ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் எங்களுக்கு அறிமுகமானது.

அரசு மக்களுக்காகச் செலவழித்தால் ஆரோக்கியம் கூடும் என்பதை மறுப்பவர் அதிகம் இல்லை. எதில் செலவழிப்பது என்பதில்தான் சண்டை. இதை அலசத் தமிழ்நாடு நல்ல இடம். நான்கு வழிகளும் இங்கே ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன: காப்பீட்டு அட்டை, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிச் சோறு, கையில் காசு. ஒவ்வொன்றும் என்ன வாங்கித் தருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்போம்.

அட்டை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012ல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து, வரம்பு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ஆனது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் யாராவது ஒருவருக்காவது ஏதோ ஒரு மருத்துவக் காப்பீடு இருந்தது.

அட்டையின் பலம் எங்கள் வீட்டிலேயே தெரிந்தது. நோய் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் அந்த ஒரு வாரத்தில் அது கூட நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் சிகிச்சை செய்து பணம் பெறலாம். அந்தப் பணம் கருவி வாங்கவும் ஆள் போடவும் அங்கேயே பயன்படுகிறது.

ஆனால் அட்டைக்குப் பெரும்பாலும் படுக்கையில் படுத்தால்தான் வேலை. மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு அது உதவாது. நம் ஊரில் குடும்பங்கள் மருத்துவத்துக்குக் கையிலிருந்து கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு மருந்துக்கடைக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும்தான் போகிறது. அப்புறம், அட்டை வழியாகப் பணம் பெறும் மருத்துவமனைக்கு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலை) வைத்தால் தொகை வரும்; ஸ்டென்ட் வைக்கத் தேவையில்லாமல் ஒருவரைப் பத்து வருடம் காப்பாற்றினால் ஒன்றும் வராது. இதில் யாருடைய மனசாட்சியையும் நான் சந்தேகிக்கவில்லை. திட்டத்தின் அமைப்பே அப்படி.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பைபாஸுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முட்டை ஒன்று ஆறு ரூபாய். பள்ளி நாட்களில் ஒரு பிள்ளைக்கு வருடம் 200 முட்டை என்றால், அந்த ஒரு லட்சத்தில் எண்பது பிள்ளைகளுக்கு மேல் ஒரு வருடம் முழுக்க முட்டை போடலாம். இந்தக் கணக்கை என் பெரியப்பா முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது. எந்த அரசாலும் முடியாது, முடியவும் கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிறார். இருபது வருடம் கழித்து நோய் வராமல் இருக்கப்போகிறவர் யார் என்று அவருக்கே தெரியாது. அரசியலில் அட்டை எப்போதும் ஜெயிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையம்

அட்டைக்கு நேர் எதிரில் நிற்பது இதுதான். இரண்டும் ஒரே துறையின் பணம், ஆனால் செலவழியும் விதம் வேறு. அட்டை ஒவ்வொரு சிகிச்சைக்கும் விலை கொடுக்கிறது. சுகாதார நிலையம் ஒரு நர்சம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு ஊரையே அவர் பொறுப்பில் விடுகிறது.

1939லேயே சென்னை மாகாணத்துக்குப் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைகளை நடத்துவது ஒரு துறை, நோய் வராமல் தடுப்பது தனித்துறை என்ற ஏற்பாடு இங்கே கலையாமல் நின்றது. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அது மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கியில் பணம் எடுப்பதுபோல, தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். "டாக்டர் இருக்கார், மருந்து இல்லை" என்ற நிலையை உடைத்தது இந்தச் சாதாரண ஏற்பாடுதான். பிறகு மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி, ராத்திரியிலும் பிரசவம் பார்க்கும் நிலையங்கள் வந்தன.

பலன் என்ன? இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இங்கே 54, இந்தியாவில் 97. குழந்தை இறப்பு 1980களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 90ஐ ஒட்டி இருந்தது, 2020ல் 13. அதே ஆண்டு இந்திய சராசரி 28. காப்பீடு வருவதற்கு முன்பே இந்த இறக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது.

சரி, இவ்வளவு நல்ல அமைப்பு என் பெரியப்பாவை ஏன் தவறவிட்டது? அது தாய்க்கும் சேய்க்கும் என்று கட்டிய அமைப்பு. கர்ப்பிணி இருக்கும் வீட்டைத் தேடி நர்சம்மா வருவார். ஐம்பது வயது ஆணைத் தேடி யாரும் வந்ததில்லை. வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். தீப்பெட்டி ஆபீஸ்காரர் வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. 2020ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரையில் 10.8 சதவீதம். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அட்டைப் பணம் நாளைக்கு எங்கே போகப்போகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் இன்றே சொல்லிவிடுகின்றன: டயாலிசிஸுக்கும் பைபாஸுக்கும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சம்பளம் போகும் என்ற பயம் இல்லை, பஸ் செலவு இல்லை. என் கண்ணில், கடந்த இருபது வருடத்தில் சுகாதாரத் துறை எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான்.

முட்டை

இனி வருவது மருத்துவச் செலவே அல்ல. பட்ஜெட்டில் வேறு துறையின் கணக்கில் இருக்கும். அதனாலேயே ஆரோக்கியம் பற்றிய விவாதங்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எட்டயபுரத்தில்தான் 1956ல் காமராஜர் காலத்து மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். வீண்செலவு, ஓட்டுக்கான சோறு என்று படித்தவர்கள் பலர் அப்போது எழுதினார்கள். பின்னால் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகக் காய்கறி சாம்பாரோடு போடுகிறார்கள்.

இந்தியா முழுக்கத் தரவுகளை எடுத்து 2021ல் வந்த ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் வளர்ந்து தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தார்கள். சோறு சாப்பிட்டது ஒரு தலைமுறை, எலும்பு நீண்டது அடுத்த தலைமுறைக்கு. காரணத்தைப் பிரித்துப் பார்த்தால் சோறு மட்டும் இல்லை. சோற்றுக்காகப் பள்ளியில் நிலைத்த பெண் கூடுதலாகப் படிக்கிறாள், தள்ளிக் கல்யாணம் செய்கிறாள், பிள்ளைகளைக் குறைத்துப் பெறுகிறாள், பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகிறாள். அதாவது சுகாதார நிலையத்தின் வெற்றிக்கும் பாதி வேலையைச் சத்துணவுக்கூடம் செய்து வைத்திருக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதம் என்ற எண்ணில் சத்துணவு சமைத்துப் போட்ட ஆயாக்களுக்கும் பங்கு உண்டு.

குறையும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று இன்னும் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தட்டில் அரிசி நிறைய, மற்றது குறைவு. மேலும் பள்ளிச் சோறு ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. குழந்தையின் வளர்ச்சி பெரும்பாலும் முடிவாவது கருவிலும் முதல் இரண்டு வயதிலும். அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை அம்மா இடுப்பில் இருக்கும். அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிடும் வயது இல்லை. 1980ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை தேறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்த எடை போடும் கவனத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையில் காசு

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 1987ல் 300 ரூபாயில் தொடங்கி, இன்று 18,000 ரூபாய் மதிப்புக்கு வந்திருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்வது, அரசு மருத்துவமனையில் பெறுவது, தடுப்பூசி என்று தவணைகள். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் போகிறது, இதைச் செய் அதைச் செய் என்ற நிபந்தனை இல்லாமல்.

காசு உயிரைக் காக்குமா? பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க 2003ல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டம் அதற்குச் சாட்சி. பள்ளி வருகையும் தடுப்பூசியும் நிபந்தனைகள். அந்தப் பணம் அதிகம் பேரைச் சென்றடைந்த நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 17 சதவீதம் குறைந்ததாக 2013ல் வந்த ஆய்வு காட்டியது. ஊட்டக்குறைவால் வரும் இறப்பு 65 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் அங்கே வீடுதேடி வரும் குடும்ப நலக் குழுக்களும் இருந்தன. மாத்திரை இல்லாத நிலையத்துக்கு 1,000 ரூபாயோடு போனாலும் மாத்திரை கிடைக்காது. காசு தனியாக நின்று செய்வது குறைவு என்பது என் கருத்து.

கடலுக்கு அந்தப் பக்கம்

காப்பீடு இல்லாமலே ஒரு நாடு என்ன செய்ய முடியும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 1931ல் எல்லோருக்கும் வாக்குரிமை. 1934-35ல் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கிராமத்தார் ஆஸ்பத்திரி கேட்டார்கள். இலவச மருத்துவமனை, குடும்ப நல மருத்துவிச்சி, மானிய அரிசி, 1945ல் இலவசக் கல்வி எல்லாம் சேர்ந்து வந்தன. குழந்தை இறப்பு இன்று ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் வாழும் மலையகத்தைப் பாருங்கள். 2016 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் கிட்டத்தட்ட 32. ஆஸ்பத்திரி இலவசமாக இருக்கும் அதே நாடுதான். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயன் அறை, குறைந்த கூலி, நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்ட மருத்துவம். சோறும் வீடும் பள்ளியும் வந்து சேராத இடத்தில் நாட்டின் இலவச மருத்துவம் மட்டும் குழந்தையை வளர்த்துவிடவில்லை. நம் சொந்த மக்கள் இதை உடம்பில் சுமந்து காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த நூறு ரூபாய்

இருப்பதில் கை வைக்காமல், புதிதாக வரும் நூறு ரூபாயைப் பிரிக்கச் சொன்னால் நான் இப்படிப் பிரிப்பேன். நாற்பது, வீடுதேடி வரும் மாத்திரைக்கும் சுகாதார நிலையத்துக்கும். சாயங்காலமும் வெளிநோயாளிகளைப் பார்ப்பது அதில் வரவேண்டும். முப்பத்தைந்து, கர்ப்பிணிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் முட்டை, பயறு, எடை போடும் தராசு. பத்து, மகப்பேறு நிதி தவணை தள்ளாமல் கைக்கு வருவதற்கு. மீதி பதினைந்து அட்டைக்கு. அந்தப் பதினைந்தும் மாவட்டத் தலைமை மருத்துவமனை வழியாகவே செலவாகவேண்டும். அடுத்தமுறை எங்கள் தெருவில் யாராவது நெஞ்சைப் பிடித்தால், மதுரை வரை போகாமல் பக்கத்து ஜிஎச்சிலேயே குழாய் அடைப்பைப் பார்க்கட்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது சுகர். மாதம் ஒருமுறை ஒரு பெண் வாசலில் வந்து, "அம்மா, விரலைக் காட்டுங்க" என்கிறார். போன மாதம் 142.