பெரிய வியாழனுக்கு எனாமல் பேசின் செட் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை எனாமல் செட் இது. 40 சென்டிமீட்டர் பேசின், 2 லிட்டர் ஜக், ஒரு சோப்புத் தட்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று, இயேசு தம் பன்னிரண்டு சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து நடத்தும் பாதம் கழுவும் ஆராதனைக்குத் தாராளமாக வாங்கலாம். கூடவே காட்டும் முழங்கால் உயர ஸ்டாண்டை மட்டும் வாங்காதீர்கள். வயதானவர்களால் அதில் காலைத் தூக்கி வைக்க முடியாது. போதகரும் லேசாகக் குனிந்தே வேலையை முடித்துவிடுவார். முழங்காலிடாமல் கழுவுவதற்கு இந்த ஆராதனையே எதற்கு? பேசின் தரையில் இருக்கட்டும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். போதகருக்கு மூட்டுவலி என்றால் மடித்த கம்பளி போதும்.

ஒருவருக்கு அரை லிட்டர் என்றால் 12 பேருக்கு 6 லிட்டர், அதாவது மூன்று ஜக். ஆறு பேர் முடிந்ததும் பேசினை வாளியில் கொட்டிவிடுங்கள். நிறைய விட்டுத் தூக்கினால் தளும்பி டைல்ஸ் வழுக்கும். எனாமல் சூட்டைப் பிடித்து வைக்காது, பிரசங்கம் நீண்டால் தண்ணீர் ஆறிவிடும். வெந்நீரை பிளாஸ்கில் வைத்திருந்து, கழுவும் நேரத்தில் கலந்து, முழங்கையால் சூடு பாருங்கள். நம்மவர்களில் சர்க்கரை நோயாளிகள் அதிகம். பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது. புண் இருப்பவரை முன்கூட்டியே கேட்டறிந்து தவிர்ப்பது நல்லது.

குறை ஒன்று: ஜக் இடித்தால் விளிம்பில் எனாமல் பெயர்ந்து அங்கே துருப்பிடிக்கும். இடையில் துணி வைத்து அடுக்குங்கள். துண்டு தனியாக, ஆளுக்கொன்று வாங்க வேண்டும். புதுத் துண்டு ஈரம் உறிஞ்சாது. சாஃப்ட்னர் போடாமல் இரண்டு முறை துவைத்து எடுங்கள்.

யாரை உட்காரவைப்பது என்பதில்தான் சபைகளில் மனஸ்தாபம் வரும். பன்னிரண்டு நாற்காலியும் கமிட்டிக்காரர்களுக்கே போய், பாதம் கழுவுவது பொன்னாடை போர்த்துவதுபோல் ஆகிவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 2016-லேயே பெண்கள், முதியோர், நோயாளிகள் என எல்லாரிலிருந்தும் தேர்ந்தெடுக்க வழி திறந்துவிட்டது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையாரிடம் இந்தத் தகராறே இல்லை: இருவர் இருவராக ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுகிறார்கள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மனஸ்தாபத்தில் பேச்சை நிறுத்திவிட்ட இருவர் அங்கே எதிரெதிரே உட்கார வாய்ப்புண்டு.

அந்த முறைக்கு ஒரு செட் பற்றாது. 60 பேர் என்றால் 30 ஜோடி. ஆறு செட் வைத்து, ஜோடிக்கு ஜோடி தண்ணீர் மாற்றினால் ஐந்து சுற்றில் முடியும். சோப்புத் தட்டு எதற்கும் உதவாது. மொத்தத்தில் இந்த செட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.