விஎஸ் கோடில் கியூஜிஐஎஸ் பில்டும் டெஸ்டும்: சில வருட அனுபவம்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் மூலநிரலை வீட்டுக் கணினியில் பில்ட் செய்து (நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றி), ஒரு திருத்தம் போட்டு, அதற்கான டெஸ்டை ஓட்டிப் பார்க்க மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் போதுமா என்று கேட்டால், போதும் என்பேன். ஆனால் நிறுவியதும் கிடைக்கிற விஎஸ் கோடை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. ஒரு வரியை மாற்றியதிலிருந்து அது சரியா தப்பா என்று தெரிவது வரை ஆகிற நேரத்தை எவ்வளவு குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் மன்னார்குடிக்காரன். பாசன வாய்க்கால்களை வரைபடத்தில் ஏற்றும் வேலைக்காகத்தான் கியூஜிஐஎஸ் பக்கம் வந்தேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து கடைமடை வரை கிளை வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. ஆற்றின் வளைவோடு சேர்ந்து அதன் பெயரும் வளைந்து ஓடினால்தான் இந்த மாதிரி வரைபடத்தைப் படிக்க முடியும். அந்த வளைவு லேபிள் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போய் மூலநிரலைத் திறந்தேன், அப்புறம் மூடவே இல்லை. கணினி 16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், உபுண்டு.

கியூஜிஐஎஸ் 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம். சி பிளஸ் பிளஸ் மொழியும், திரை வடிவமைப்புக்கான க்யூட்டி லைப்ரரியும் அடித்தளம், மேலே பைத்தான். இத்தனை வருடத்தில் மூலநிரல் அவ்வளவு பெரிதாகியிருக்கிறது. அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எடிட்டருக்கு நிரலைப் புரியவைக்கும் எக்ஸ்டென்ஷன் எது என்பதை. மைக்ரோசாஃப்டின் சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்ஷனைவிட கிளாங்டி எனக்கு இந்த வேலைக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் எந்த ஃப்ளாக்கோடு (கம்பைலருக்குத் தரும் குறிப்பு) கம்பைல் ஆகிறது என்பதை, பில்டை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவி எழுதித்தரும் கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் கோப்பிலிருந்து அது நேராக எடுத்துக்கொள்கிறது. 'பில்ட்' என்ற பெயரில் ஃபோல்டர் இருந்தால் தானே தேடிக் கண்டுபிடித்துவிடும். வேறு பெயர் வைத்தால் சிமேக் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனில் அந்தக் கோப்பை நகலெடுக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். முதல் பில்ட் முடியும்வரை நிறைய சிவப்புக் கோடுகள் தெரியும். பயப்பட வேண்டாம். திரை வடிவமைப்புகளுக்கான ஹெடர் கோப்புகளே பில்டின்போதுதான் உருவாகின்றன.

கிளாங்டி பின்னணியில் இண்டெக்ஸ் போடும்போது ராமையும் ப்ராசஸரையும் நன்றாகவே சாப்பிடும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் ஜே ஆப்ஷனை 2 என்று வைத்திருக்கிறேன். ஹெடர்களைத் தானாகச் சேர்க்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். கேட்காத இன்க்ளூட் வரி ஒன்று கமிட்டுக்குள், அதாவது பதிவு செய்யும் மாற்றத்துக்குள், போய் உட்காருவது எனக்குப் பிடிக்காது.

மைக்ரோசாஃப்ட் தரும் பதிப்பு வேண்டாம் என்பவர்கள், அதே மூலநிரலிலிருந்து வரும் விஎஸ்கோடியம் போட்டுக்கொள்ளலாம். கிளாங்டி, சிமேக் டூல்ஸ், பிழை தேட உதவும் டீபக்கரான கோட் எல்எல்டிபி மூன்றும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்டின் சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்ஷனை அதில் பயன்படுத்த உரிமம் இடம் தராது.

பில்ட் அமைப்புகளை எடிட்டரின் செட்டிங்ஸில் எழுதாமல் சிமேக் யூசர் ப்ரீசெட்ஸ் கோப்பில் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எடிட்டர் மாறினாலும், டெர்மினலிலிருந்து ஓட்டினாலும் அதே அமைப்பு வேலை செய்யும். அது உங்கள் சொந்தக் கோப்பு, மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் சேர்க்கக் கூடாது. என்னிடம் இரண்டு ப்ரீசெட் (முன்கூட்டி எழுதிவைத்த அமைப்பு). ஒன்றில் பைத்தான் பைண்டிங்ஸ் (சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு) கிடையாது. லேபிள் இன்ஜின் மாதிரி சி பிளஸ் பிளஸ் பகுதியை மட்டும் தொடும் நாட்களுக்கு அது. இன்னொன்றில் பைண்டிங்ஸ் உண்டு, பைத்தான் டெஸ்டுகளை ஓட்ட அது கட்டாயம். பைண்டிங்ஸ் கம்பைல் ஆகும்போது ராம் திணறும், அதனால் தேவைப்படும்போது மட்டும்தான் அந்தப் பக்கம் போவேன். இரண்டிலும் பில்டை ஓட்டும் நிஞ்சா, முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் சிகேஷ், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கும் மோல்ட் லிங்கர் உண்டு. பெரிய லைப்ரரியைத் திரும்பத் திரும்ப லிங்க் செய்யும் வேலையில் மோல்ட் தரும் வித்தியாசம் கண்கூடு. சிமேக் 3.29-லிருந்து லிங்கர் டைப் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சிகேஷின் கொள்ளளவு இயல்பாக 5 ஜிபி. பிராஞ்ச் மாறி மாறி வேலை செய்பவருக்கு அது பத்தாது, கூட்டிவையுங்கள்.

இனி டெஸ்ட். சி பிளஸ் பிளஸ் டெஸ்டுகள் க்யூட்டி டெஸ்ட் முறையில் எழுதப்பட்டவை. சிமேக் டூல்ஸ், சிமேக்கோடு வரும் டெஸ்ட் ஓட்டியான சிடெஸ்ட் மூலமாக அவற்றைப் பட்டியல் போட்டுக் காட்டும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஓடும். அந்தப் பட்டியலில் லேபிளிங் இன்ஜின் டெஸ்ட் என்பது ஒரே ஒரு வரி, அதற்குள் ஏகப்பட்ட ஃபங்ஷன்கள். ஒரு ஃபங்ஷனை மட்டும் ஓட்ட, டெஸ்ட் பைனரிக்கு அதன் பெயரை ஆர்கியுமெண்டாகக் கொடுத்தால் போதும். டீபக்கரை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் லாஞ்ச் ஜேசன் கோப்பில் பெயரைக் கேட்டு வாங்கும் ஒரு இன்புட் வைத்திருக்கிறேன். எஃப் 5 அழுத்தினால் மேலே ஒரு பெட்டி திறக்கும், ஃபங்ஷன் பெயரை அடித்தால் அது மட்டும் டீபக்கரோடு ஓடும். இந்த ஒரு அமைப்புக்காகவே இத்தனை சிரமமும் தகும். சூழல் மாறிகளில் க்யூட்டி பிளாட்ஃபார்மை ஆஃப்ஸ்கிரீன் என்று கொடுத்துவிட்டால் ஜன்னல்கள் எழும்பி வந்து தொல்லை செய்யாது.

லேபிள் டெஸ்டுகள் பெரும்பாலும் படத்தை ஒப்பிடுபவை. எதிர்பார்க்கும் படம் டெஸ்ட்டேட்டாவுக்குள் கண்ட்ரோல் இமேஜஸ் ஃபோல்டரில் இருக்கும். எழுத்துரு மாறினால் படமும் மாறிவிடும் என்பதால் கியூஜிஐஎஸ் வேரா சான்ஸ் என்று தனி எழுத்துருவே கூட வைத்திருக்கிறார்கள். அப்படியும் லைப்ரரிப் பதிப்பு வித்தியாசத்தால் சில டெஸ்டுகள் நம் கணினியில் தோற்கலாம். எதையும் தொடுவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டி, தோற்பவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர், "அண்ணா, பிரேக்பாயின்ட் வெச்சா நிக்கவே மாட்டேங்குது" என்றார். நிரலை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க வைக்கும் குறிதான் பிரேக்பாயின்ட். பார்த்தால் அவருடையது ரிலீஸ் பில்ட். அதில் டீபக் தகவலே இல்லை, எங்கே நிற்கும்? டீபக் தகவலும் சேர்ந்த ரெல்வித்டெப்இன்ஃபோ வகை பில்டில் நிற்கும், ஆனால் பாதி மாறிகளின் மதிப்பு கிடைக்காது. டீபக் பில்ட் போட்டபின், லேபிள் எழுத்தைத் துண்டாக்கும் 'ஸ்ப்ளிட் டு கிராஃபீம்ஸ்' ஃபங்ஷனில் நிறுத்தி, 'கோரையாறு' என்று கொடுத்துப் பார்த்தோம். எழுத்தை வைத்திருக்கும் க்யூட்டியின் க்யூஸ்ட்ரிங்கை உள்ளே திறந்தால் சைஸ் 8. க, ஓகாரக்குறி, ர, ஐகாரக்குறி, ய, கால், ற, உகாரக்குறி. ஃபங்ஷன் முடிந்து வெளியே வரும் பட்டியலில் நான்கே துண்டு: கோ, ரை, யா, று. ஆற்றின் வளைவில் ஒவ்வொன்றாகத் திரும்பி உட்காரப்போவது இந்த நான்கும்தான். எட்டாகவே விட்டிருந்தால் எழுத்து ஒரு பக்கமும் அதன் குறி ஒரு பக்கமும் போயிருக்கும். அதை வரிவரியாக நடந்து பார்த்த பிறகு அந்தத் தம்பிக்கு மூலநிரல் மேல் இருந்த பயம் போய்விட்டது.

ஒரு குறை: கோட் எல்எல்டிபியில் க்யூஸ்ட்ரிங்கின் எழுத்து நேராகத் தெரியாது, உள்ளே இருக்கும் டி என்ற உறுப்பைத் திறந்துதான் போக வேண்டும். க்யூட்டி கிரியேட்டர் என்ற இன்னொரு எடிட்டரில் அது பளிச்சென்று தெரியும். சி பிளஸ் பிளஸ் மட்டுமே செய்பவருக்கு க்யூட்டி கிரியேட்டரே வசதி. பைத்தான் டெஸ்ட், யாமல் கோப்பு, கிட் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பதால் நான் இங்கே இருக்கிறேன். விஎஸ் கோடின் டெர்மினலில் தமிழ் எழுத்துகள் கட்டங்களில் சிதறித்தான் தெரிகின்றன. டெஸ்ட் வெளியீட்டில் தமிழ் வந்தால் கோப்பாகச் சேமித்து எடிட்டரில் திறக்கிறேன், அங்கே சரியாக இருக்கிறது.

டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது மின்சாரம் பற்றி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகும் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. பேட்டரி தளர்ந்த லேப்டாப் பில்டின் நடுவில் அணைந்தால், நிஞ்சா விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் பூஜ்ய அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் ஆன துண்டுகள்) மிஞ்சியிருக்கலாம். லிங்க் செய்யும்போது கோப்பு வடிவம் புரியவில்லை என்று பிழை வரும். பில்ட் ஃபோல்டரில் காலியான ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும், மொத்தத்தையும் அழிக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டளையை டாஸ்க்ஸ் ஜேசனில் ஒரு டாஸ்க்காகவே வைத்திருக்கிறேன். கிட்டிலும் இதே ஆபத்து உண்டு. 2.36 பதிப்பிலிருந்து எழுதியதை உடனே டிஸ்கில் பதியவைக்கும் எஃப்சிங்க்கின் அளவைக் கூட்டும் செட்டிங் இருக்கிறது, போட்டுவைத்தால் கமிட் பத்திரம்.

சித்திரை வெயிலில் ப்ராசஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய பில்டை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பில்ட் ஃபோல்டரை எடிட்டரின் கோப்புக் கண்காணிப்பிலிருந்து விலக்குங்கள், இல்லாவிட்டால் லினக்ஸில் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபையின் வரம்பு தீர்ந்துபோகும். சேமிக்கும்போது ஃபார்மட் செய்வதை இந்தத் திட்டத்துக்கு நிறுத்துங்கள். அடுத்தவர் எழுதிய வரிகளெல்லாம் மாறிப்போனால் பரிசீலிப்பவர் எதைப் பார்ப்பார்? எக்ஸ்டென்ஷன்களின் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டு, வேலை முடிந்த ஒரு நாளில் கையால் செய்கிறேன். போன் டேட்டாவில் மூலநிரலை இறக்கி குளோன் செய்பவர்களுக்கு, பழைய கோப்பு உள்ளடக்கங்களை (ப்ளாப்) இறக்காத பகுதி குளோன் உதவும், ஆனால் ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் பிளேம் பார்க்கும்போதெல்லாம் மறுபடி இறக்கும். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் முழுசாக ஒருமுறை எடுத்துவிடுவதையே நான் சொல்வேன்.

8 ஜிபி ராம் மட்டும் இருக்கிறவர்கள் பைண்டிங்ஸ் இல்லாத ப்ரீசெட்டில் தொடங்குங்கள். லிங்க் வேலையை, ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று வரம்பிடும் நிஞ்சாவின் ஜாப் பூலில் ஒன்று என்று கட்டுப்படுத்தி, பில்ட் ஓடும்போது கிளாங்டியை நிறுத்திவைத்தால் ஓட்டிவிடலாம்.