‘ரேஸ் சர்வீஸ்’ என்று சைக்கிளை விட்டுவிட்டு வருவதற்கு முன்னால்

மலைப் பந்தயத்துக்காகச் சைக்கிளைக் கடையில் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது கோயம்புத்தூரில். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதுவரை பேசாமல் இருப்பதுதான் நல்லது என்றார் தெரிந்த வக்கீல்.

நான் பெயர் கொடுத்திருந்தது கொல்லிமலையில் நடந்த ஒருநாள் பந்தயம். ஒரே நாள், ஆனால் மூன்று கட்டம். விடிந்ததும் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும் தனிநபர் நேரப்போட்டி. கொஞ்ச நேரம் ஓய்வு. அப்புறம் மேலே செம்மேடு, சோளக்காடு பக்கத்து மேடுபள்ளச் சாலையில் கூட்டமாக ஒரு சுற்று. அது முடிந்ததும் எல்லாரும் அவரவர் சைக்கிளிலேயே கீழே இறங்க வேண்டும், அதற்கு நேரக் கணக்கு இல்லை. மதியம் மறுபடி பாதி மலை ஏற்றம். மூன்று நேரத்தையும் கூட்டித்தான் இடம் போடுவார்கள். காலையில் உயிரைக் கொடுத்து ஏறிவிட்டு மதியம் காலைத் தூக்க முடியாமல் நின்றால் பிரயோஜனம் இல்லை.

எனக்கு வயது 43. மூன்று மாதம் ஞாயிறுதோறும் அதிகாலையில் மேட்டுப்பாளையம் போய், கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை வரை ஏறி இறங்கி, பேருந்து நிலையம் பக்கத்தில் நாலு இட்லியும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே ஏற்றம். இரண்டாவது ஏற்றத்தில்தான் உடம்பு உண்மையைச் சொல்லும். முதல் கட்டம் முடிந்த உடனே சாப்பிடாவிட்டால் இரண்டாவதில் கால் காலியாகிவிடுகிறது என்பதை ஒரு மாதம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது, என் கியர் போதவில்லை. முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரம் (50/34), பின்னால் கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, 11 பல்லிலிருந்து 28 பல் வரை (11-28). ஆகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்று) சுமார் 2.55 மீட்டர் போகும். செங்குத்தான இடத்தில் என் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 59 மிதி வருகிறது. ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்குவது போலத்தான். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்கு 71 மிதி. முழங்கால் தப்பிக்கும். நாளுக்கு ஒரு ஏற்றம் என்றால் 28-ஐ வைத்துச் சமாளிக்கலாம், மூன்று என்றால் முடியாது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சைக்கிளைக் கொண்டுபோய் விட்டேன். ‘ரேஸ் சர்வீஸ்’ என்று ஒரு தொகுப்பு வைத்திருந்தார்கள். 11-34 கேசட், புதுச் செயின், ஹைட்ராலிக் பிரேக்குக்குப் புது எண்ணெய், எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய். பின் கியர் மாற்றியை (ஆர்டி என்போமே, அது) மாற்ற வேண்டியதில்லை, என்னுடையது நீளக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கை நீளமான வகை), 34 வரை தாங்கும். இதைக் கடைக்காரரே சொன்னார். பரவாயில்லையே, நேர்மையான ஆள் என்று நினைத்தேன். என்னை ஏமாற வைத்ததே அந்த ஒரு வார்த்தைதான். ரசீது கேட்டபோது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில், முன்னால் பெரிய பல்சக்கரத்தில் இருப்பதை மறந்து பின்னால் 34-க்கு மாற்றிவிட்டேன். கடக்கென்று ஒரு சத்தம். மிதி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஆர்டி முன்பக்கமாக முழுக்க இழுபட்டு, கயிற்றில் கட்டி இழுத்த கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. செயின் நீளம் போதவில்லை. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் ஆர்டியைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். 28-லிருந்து 34-க்குப் போனால் செயினும் நீளமாக வேண்டும். புதுச் செயினை அளந்து போட்டிருந்தால் இது நடக்கவே நடக்காது.

குந்தி உட்கார்ந்து செயினைக் கையால் ஒவ்வொரு கண்ணியாக நகர்த்திப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னபடி பளபளவென்றுதான் இருந்தது. பாதியில் தங்க நிறத்தில் ஒரு இணைப்புக் கண்ணி வந்தது. போன வருடம் நானே ஆசைப்பட்டுத் தனியாக வாங்கிப் போட்ட கண்ணி. பழைய செயினை டீசலில் கழுவிவிட்டு அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன். இது யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு ஊசியின் நடுவிலிருந்து எண்ணினால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடினாலே மாற்ற வேண்டிய செயின். என்னுடையது 307 காட்டியது. இப்படித் தேய்ந்த செயினைப் புதுக் கேசட்டில் ஓட்டினால் கேசட்டின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கடைக்குப் போனேன். “பையன் மறந்துட்டானுங்க சார், புதுசு எடுத்து வெச்சுட்டுப் பழசையே மாட்டிட்டான்” என்று சிரித்தபடி, பத்தே நிமிடத்தில் புதுச் செயின் போட்டுக் கொடுத்தார். டீ வாங்கித் தந்தார். சரி, தவறு மனிதர்களுக்கு வருவதுதானே என்று கிளம்பிவிட்டேன். செயினிலேயே இப்படிச் செய்தவர் பிரேக்கில் என்ன செய்திருப்பார் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். என் மனைவி யோசித்தாள். “அந்த ஆள்கிட்ட மறுபடி ஏன் குடுத்தீங்க?” என்றாள். எனக்கு உறைக்கவில்லை.

நாலைந்து நாளில் முன் டிஸ்க்கில் சர் சர் என்று உரசல். பிரேக் கட்டை பின்வாங்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. புதுசு இல்லையா, பழகும் என்று விட்டுவிட்டேன்.

பந்தயத்துக்கு எட்டு நாள் முன்னால், கடைசி நீண்ட பயிற்சி. கோத்தகிரி வரை ஏறினேன். 34 பல் சொர்க்கம் என்றால் சொர்க்கம்தான். இறங்கும்போது குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவுக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. ஈரப் பஞ்சைப் பிடித்த மாதிரி. பின்பிரேக் பாதி பிடித்தது. மலைப்பக்கச் சாக்கடையோரமாக ஒதுக்கி, ஒரு காலைத் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்தினேன். எதிரே பேருந்து வராதது என் நல்ல நேரம். கணுக்காலில் மட்டும் தோல் போனது. கேரட் ஏற்றி வந்த பிக்கப் ஒன்று ஏற்றிக்கொண்டது. லிவரை ஒரு தடவை பிடித்துப் பார்த்த ஓட்டுநர், “ஏனுங்க, இதை நம்பியா மலை இறங்குனீங்க?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தத் தடவை வேறு ஒருவரிடம் போனேன். வீட்டு முற்றத்திலேயே வேலை பார்க்கும் தம்பி. லிவரின் திருகைத் திறந்து ஊசிக்குழாயில் கொஞ்சம் எண்ணெய் உறிஞ்சினார். “அண்ணா, உங்களது ஷிமானோ. இதுக்கு மினரல் ஆயில்தான் ஊத்தணும், அது சிவப்பா இருக்கும். இது பாருங்க.” வெளிர்மஞ்சளாக இருந்தது. டீ கிளாஸில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். இரண்டும் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விட்டன. பக்கத்தில் இன்னொரு கிளாஸில் தன்னிடமிருந்த மினரல் ஆயிலை ஒரு சொட்டு விட்டார். அது ரசத்தில் எண்ணெய் மிதக்கிற மாதிரி மேலேயே நின்றது.

உள்ளே ஊற்றியிருந்தது பைக்குக்கு ஊற்றுகிற டாட் (DOT) என்ற வகை பிரேக் எண்ணெய். அதற்கென்றே செய்த சைக்கிள் பிரேக்குகளும் உண்டு, ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு பிரேக்குகளில் பலவும் அப்படித்தான். ஆனால் மினரல் ஆயிலுக்குச் செய்த ரப்பர் சீல் டாட் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். கட்டை பின்வாங்காததும், லிவர் தளர்ந்ததும் அதனால்தான். ஊதின சீலைத் தனியாக வாங்கி மாற்ற வழியில்லை. லிவரும் காலிப்பரும் (பிரேக் கட்டை இருக்கும் பகுதி) இரண்டு பக்கமும் புதுசாக வாங்க வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் செலவு.

பழைய கடைக்காரர் இந்தத் தடவை டீ வாங்கித் தரவில்லை. “எல்லா எண்ணெயும் ஒண்ணுதானுங்க சார். நீங்க இறக்கத்துல ரொம்ப நேரம் புடிச்சிட்டே வந்திருப்பீங்க, சூடாயிருக்கும்” என்றார். எந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றினீர்கள், காட்டுங்கள் என்றேன். தீர்ந்துவிட்டதாம். பிரேக்குக்கு வாங்கின 1,500 ரூபாயை மட்டும் ஜிபேயில் இரண்டு தவணையாக அனுப்பினார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே போடலாம். ஆனால் வக்கீல் முதலில் கேட்டது ரசீதைத்தான். துண்டுச் சீட்டை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நல்லவேளையாக, பணம் ஜிபேயில் போனதற்கும் தங்கக் கண்ணிக்கும் படம் இருக்கிறது. டீ கிளாஸ் இரண்டையும் அந்தத் தம்பி வீடியோ எடுத்து வைத்திருந்தார்.

ஆகவே, ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள். கழற்றின பழைய செயினையும் கேசட்டையும் கையில் கேட்டு வாங்குங்கள், குப்பையில் போடுவதாக இருந்தாலும். பிரேக் எண்ணெய் மாற்றும்போது கூடவே நின்று பாட்டிலைப் பாருங்கள். முடிந்தால் விடும் முன் செயினில் ஒரு கண்ணிக்கு நகப்பாலிஷ் தொட்டு வையுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்கு ஆதாரமாக நின்றது ஒரு கண்ணிதான்.

பந்தயத்துக்குப் போனேன். நண்பரின் பழைய ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை) சைக்கிள், கேசட் 11-28. காலைக் கட்டம் எப்படியோ எழுபதாவது வளைவு வரை ஓடிவிட்டது. மதியக் கட்டத்தில் பன்னிரண்டாவது வளைவில் இரண்டு தொடையும் பிடித்துக்கொள்ள, மைல்கல் மேல் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சைக்கிள் வீட்டுச் சுவரில் லிவர் இல்லாமல் தொங்குகிறது. ஆர்டர் போட்டு ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை.