ரேங்க் கார்டா, வாட்ஸ்அப் குரூப்பா, நேரில் பேச்சா?

அப்பாவிடம் கையெழுத்து வாங்க ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற தலைமுறை என்னுடையது. இன்று மகளின் மார்க், அவள் வீட்டுக்கு வருமுன்பே போனுக்கு வந்துவிடுகிறது.

பிள்ளை பள்ளியில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எது உதவும்? முதலில் கார்டு. நாங்கள் படித்த காலத்தில் அதில் எண்ணும் ரேங்க்கும்தான். 2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தபின் வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்பில் அவ்வப்போது செய்யும் செயல்பாடுகள், சின்னத் தேர்வுகள்) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60 என்று மார்க்கைப் பிரித்தார்கள். பாடம் தாண்டிய திறன்களுக்கும் கிரேடு உண்டு. ஆனால் ‘வாழ்க்கைத் திறன்: ஏ’ என்பதைப் படித்து எந்த அம்மாவுக்கு என்ன புரியும்? அதைவிட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு நிலையைச் சொல்லும் அரும்பு, மொட்டு, மலர் தேவலை. பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று படிக்காத பெற்றோரிடமும் சொல்லிவிடலாம். (“எப்போ சார் மலர் ஆவான்?” என்று கேட்பவர்களும் உண்டு.)

வாட்ஸ்அப் குரூப், நாளை லீவா, கலர் டிரஸ்ஸா என்று தெரிந்துகொள்ள மட்டும் நல்லது. சில வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கையும் ஒரே பட்டியலாகப் போட்டுவிடுகிறார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. குரூப்பில் அது கொல்லைப்புறமாகத் திரும்பி வருகிறது.

மூன்றாவது, பேரண்ட்ஸ் மீட்டிங். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது பள்ளிக்கூடத்தின் விஷயங்களைப் பேசும் இடம், உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசும் இடமல்ல. போன வருடம் மீட்டிங்கில்தான் மிஸ் சொன்னார்: தோழி வேறு செக்‌ஷனுக்குப் போனதிலிருந்து மகள் சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம். டப்பா தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. கார்டிலும் ‘ஏ’தான்.

ஆனால் மீட்டிங் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. தினக்கூலிக்குப் போகிறவர் வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் மாதம் ஒருமுறை சாயங்காலம் ஐந்து நிமிடம் போனில் பேசலாமே என்று மிஸ்ஸிடம் கேட்டேன். “நாற்பது பிள்ளைகள், 200 நிமிடம். நான் என் வீட்டைப் பார்க்க வேண்டாமா?” என்றார். நியாயம்தான். கடைசியில், கவலைப்படும்படி இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்டார். சரி, சத்தமில்லாமல் டப்பாவைக் காலி செய்துவிடுகிறவள் அந்தப் பட்டியலில் வருவாளா?